பூமியை யாரும் தள்ளிக்கொண்டிருக்கவில்லை

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எது அதைச் சுற்ற வைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் பதில்கள் ஆளுக்கொரு பக்கம் போகும். "சூரியன் இழுக்குது, பூமி வெளியே ஓடப் பார்க்குது, ரெண்டும் பேலன்ஸ் ஆகிடுச்சு" என்பார் ஒருவர். "பூமி தன்னைத்தானே சுத்துறதாலதான் நமக்கு ஈர்ப்பு விசையே இருக்கு, சுத்துறது நின்னா எல்லாரும் பறந்துடுவோம்" என்பார் இன்னொருவர். ஜூலை மாதம் வந்தால், பூமி சூரியனை விட்டு விலகிப் போகிறது, குளிர் வரும், காய்ச்சல் வரும், ஜாக்கிரதை என்று வாட்சப்பில் ஒரு செய்தி ஊர் முழுக்கச் சுற்றும். நன்றாகப் படித்தவர்களே இதையெல்லாம் நம்பி அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் நமக்கு 365 நாள், 24 மணி நேரம் என்று எண்களை மனப்பாடம் செய்ய வைத்தார்களே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார வைத்து யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கணக்கு வராதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

கேரம் பலகையிலிருந்து தொடங்குவோம்

வடசென்னையில் இதற்குத் தனியாக ஆய்வுக்கூடம் வேண்டாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை என்று எங்கே போனாலும் ஒரு கேரம் கிளப் இருக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமாவும் இந்தப் பக்கத்துப் பெண்தான்.

பலகையில் நன்றாகப் பவுடர் போட்டுவிட்டு ஸ்டிரைக்கரைச் சுண்டுங்கள். விரலை விட்டுக் கிளம்பிய பிறகு அதை யார் தள்ளுகிறார்கள்? யாரும் இல்லை. விரலின் வேலை அந்த ஒரு கணத்தோடு முடிந்துவிட்டது, அதற்கப்புறம் அது தானாகத்தான் போகிறது. கடைசியில் அது நிற்பதற்குக் காரணம் பலகையின் உராய்வு. பவுடர் குறைவாக இருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும், பவுடர் நன்றாகப் பரவியிருந்தால் மரச்சட்டத்தில் மோதித் திரும்பி, எதிர்ச்சட்டத்திலும் மோதித் திரும்பும். இப்போது உராய்வே இல்லாத, சட்டமே இல்லாத, முடிவில்லாத ஒரு பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டிய ஸ்டிரைக்கர் அதே வேகத்தில், அதே நேர்கோட்டில், என்றென்றைக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஓடுகிற பொருள், ஏதாவது வந்து குறுக்கிடும் வரை அப்படியே ஓடும், நிற்கிற பொருள் அப்படியே நிற்கும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர்.

விண்வெளி அப்படிப்பட்ட பலகைதான். அங்கே காற்று இல்லை, உரசுவதற்கு ஒன்றும் இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் பூமியைத் தொடர்ந்து ஓட வைக்க எஞ்சினும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். எது ஓட்டுகிறது என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. நேராக ஓட வேண்டிய ஒன்று ஏன் வளைந்து ஓடுகிறது என்பதுதான் சரியான கேள்வி.

அதற்குப் போகும் முன் இன்னொன்றையும் அதே பலகையில் பார்த்துவிடுங்கள். காயின் நேராக வழுக்கிக்கொண்டு போகலாம். போகாமல் ஒரே இடத்தில் சுழலலாம். சுழன்றுகொண்டே போகவும் செய்யலாம். நடுவில் பட்டால் பெரும்பாலும் நேராகப் போகும், ஓரத்தில் உரசிய மாதிரி பட்டால் ஒரு சுழற்சியும் சேர்ந்துகொள்ளும். நகர்வதும் சுழல்வதும் வேறு வேறு அசைவுகள், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்லிவிட முடியாது. ஒரு கோள் தன் அச்சில் தானே சுழல்வதைத் தற்சுழற்சி என்று சொல்வோம், அச்சு என்பது அதன் நடுவே போகும் கற்பனைக் கோடு. இன்னொரு பொருளைச் சுற்றி அது போகும் வழி சுற்றுப்பாதை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

பூமி விழுந்துகொண்டே இருக்கிறது

சரி, நேராக ஓட வேண்டியதை எது வளைக்கிறது? சூரியனின் ஈர்ப்பு விசை. பொருள் இருக்கும் இடத்திலெல்லாம் ஈர்ப்பு உண்டு. பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பலமாக இழுக்கும், தூரம் கூடக் கூட அந்த இழுப்பு வேகமாகக் குறையும். 1687-இல் நியூட்டன் இதை எழுதி வெளியிட்டபோது பெரிய அதிர்ச்சியாக இருந்தது, எண்களைவிட அதன் பின்னால் இருந்த யோசனைதான் அதற்குக் காரணம். மரத்திலிருந்து பழம் விழுவதும் நிலா பூமியைச் சுற்றுவதும் ஒரே செயல் என்று அவர் சொன்னார். நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

விழுகிற நிலா ஏன் தரைக்கு வரவில்லை? நம்ம ஊர் கணக்கிலேயே பார்ப்போம். கையிலிருந்து விட்ட எந்தப் பொருளும் முதல் நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர் கீழே விழும். பூமி உருண்டை என்பதால், 8 கிலோமீட்டர் நேராகப் போனால் தரையும் ஏறக்குறைய 5 மீட்டர் கீழே வளைந்திருக்கும். ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து விம்கோ நகர் எட்டு கிலோமீட்டர் சொச்சம். காற்றும் கட்டடங்களும் இல்லை என்று வைத்துக்கொண்டு, ராயபுரத்திலிருந்து ஒரு பந்தை ஒரே நொடியில் விம்கோ நகரைத் தொடும் வேகத்தில் கிடைமட்டமாக எறிந்தால், அது அங்கே போய்ச் சேர்வதற்குள் 5 மீட்டர் விழுந்திருக்கும், ஆனால் தரையும் 5 மீட்டர் விலகியிருக்கும். அதாவது தரைக்கும் பந்துக்கும் நடுவே இருந்த இடைவெளி மாறவே இல்லை. அடுத்த நொடியிலும் இதே கதை. இப்படியே விழுந்து விழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அது பூமியைச் சுற்றி உங்கள் முதுகுப் பக்கம் வந்து நிற்கும். சுற்றுப்பாதை என்பதில் இதைத் தாண்டி ஒரு மர்மமும் இல்லை. பக்கவாட்டு வேகம் இருக்கிறது, அதோடு விழுதலும் சேர்ந்துகொள்கிறது.

பூமியும் சூரியனை நோக்கி இப்படித்தான் விழுகிறது. ஒரு நொடியில் பூமி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுகிறது, காசிமேட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நொடியில் சூரியனை நோக்கி எவ்வளவு விழுகிறது தெரியுமா? சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு கேரம் காயினின் தடிமனில் பாதிகூட இல்லை. நொடிக்கு நொடி இந்த 3 மில்லிமீட்டர் வளைவு சேர்ந்துதான் ஓர் ஆண்டில் முழு வட்டமாகிறது. எத்தனை தடவை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

இப்போது அந்த "பேலன்ஸ்" விளக்கத்துக்கு வருவோம். உள்ளே ஓர் இழுப்பு, வெளியே ஓர் இழுப்பு, இரண்டும் சமம் என்றால் மொத்தத்தில் விசையே இல்லை என்று ஆகிவிடும். விசை இல்லாவிட்டால் பூமி நேர்கோட்டில் போக வேண்டும், வளையவே கூடாது. அது வளைகிறது என்பதே சமன் செய்ய எதிரே எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சி. பூமியின் மேல் இருப்பது சூரியனின் இழுப்பு ஒன்றுதான், மற்றது எல்லாம் பழைய ஓட்டம். திடீரென்று சூரியன் இல்லாமல் போனால் (போகாது, பேச்சுக்குச் சொல்கிறேன்) அந்தச் செய்தி நம்மை எட்டவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்கப்புறம் பூமி அந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் போய்விடும். அதற்கு மாறாகப் பூமியின் பக்கவாட்டு ஓட்டத்தை மட்டும் யாராவது நிறுத்தினால், சுமார் 65 நாளில் அது நேராகச் சூரியனுக்குள் விழுந்துவிடும்.

வேகம் கொஞ்சம் பிசகினால் எல்லாம் போச்சு என்ற பயமும் வேண்டாம். வேகம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ பாதை கொஞ்சம் நீள்வட்டமாக மாறும், அவ்வளவுதான். இங்கிருந்து ஒரு பொருள் சூரியனை விட்டே போய்விட வேண்டுமானால் நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகம் வேண்டும். உண்மையில் எந்தக் கோளின் பாதையும் கச்சிதமான வட்டம் இல்லை, எல்லாமே நீள்வட்டம்தான். செவ்வாயின் பாதையை வைத்து வானியலாளர் கெப்ளர் 1609-லேயே இதைக் காட்டிவிட்டார். சூரியனுக்கு அருகே வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். அருகில் இருக்கும் புதன் 88 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது, கடைசியில் இருக்கும் நெப்டியூனுக்கு 165 ஆண்டுகள் ஆகின்றன.

விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லையா என்று கேட்பார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் வெறும் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்கூட இல்லை. அங்கே ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால் அவர்களுக்கு மிதப்பது போல இருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஓடுவதற்குத் தள்ள ஆள் தேவையில்லை. சூரியன் செய்வது வளைப்பது மட்டும். நேர் ஓட்டமும் விழுதலும் சேர்ந்த வழிதான் சுற்றுப்பாதை.

சுழல ஆரம்பித்தது எப்படி

ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே சூரியனும் இல்லை, கோள்களும் இல்லை. வாயுவும் தூசியும் கலந்த ஒரு பெரிய மேகம் மட்டும் இருந்தது. அவ்வளவு பெரிய மேகத்தில் கோடானுகோடித் துகள்கள் இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் சரியாகப் பூஜ்யமாக வருவது நடக்காத காரியம். ஏதோ ஒரு பக்கமாகக் கொஞ்சமாவது சுழற்சி மிஞ்சும். அந்த மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கியபோது, மெல்லச் சுழன்றது வேகமாகச் சுழலத் தொடங்கியது. ஒரு பொருளில் எவ்வளவு சுழற்சி அடங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு, அதைக் கோண உந்தம் என்பார்கள். வெளியிலிருந்து எதுவும் திருகாத வரை அந்த அளவு மாறாது, அதனால் உருவம் சுருங்கினால் வேகம் கூடித்தான் ஆக வேண்டும்.

சுருங்கிச் சுழன்ற அந்த மேகம் தட்டையாகித் தட்டு மாதிரி ஆனது. நடுவே திரண்டது சூரியன், தட்டில் திரண்டவை கோள்கள். எல்லாக் கோள்களும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் ஒரே பக்கமாகச் சூரியனைச் சுற்றுவதும், சூரியனும் அதே பக்கமாகத் தன் அச்சில் சுழல்வதும் இதனால்தான். எல்லாம் ஒரே மேகத்தின் பிள்ளைகள்.

ஆனால் தற்சுழற்சியில் ஒவ்வொரு கோளும் தன் வழியில் போகிறது. கோள்கள் உருவான காலத்தில் பாறைகளும் குட்டிக் கோள்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன, அந்த மோதல்கள் நடுவில் பட்டதைவிட ஓரத்தில் பட்டதுதான் அதிகம். ஓரத்தில் பட்ட காயின் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தோம். பூமியில் செவ்வாய் அளவுள்ள ஒன்று மோதி, சிதறியவை திரண்டு நிலா ஆனது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். யுரேனஸ் 98 டிகிரி சாய்ந்து, படுத்துக்கொண்டே உருள்கிற மாதிரி சுற்றுகிறது. வியாழன் அவ்வளவு பெரிய உருவத்தை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுழற்சியை முடித்துவிடுகிறது. வெள்ளி எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது, அதுவும் 243 நாளுக்கு ஒரு தடவை. சூரியனைச் சுற்ற அதற்கு ஆவது 225 நாள்தான், தன்னைச் சுற்றிக்கொள்ள அதைவிட அதிகம். நகர்வதும் சுழல்வதும் தனித்தனி என்று சொன்னேனே, அதற்கு வெள்ளியைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சுழல்வதால்தான் ஈர்ப்பு வருகிறது என்ற நம்பிக்கையையும் வெள்ளியே உடைத்துவிடுகிறது. இவ்வளவு மெதுவாகச் சுழலும் அதன் தரையில் ஈர்ப்பு, பூமியில் இருப்பதில் சுமார் 90 சதவீதம். ஈர்ப்பு வருவது பொருளிலிருந்து, சுழற்சியிலிருந்து இல்லை. சொல்லப்போனால் சுழற்சி நம் எடையைக் கொஞ்சம் குறைக்கிறது, நிலநடுக்கோட்டில் அது முந்நூறில் ஒரு பங்கு அளவு. பூமி சுழல்வதை மெல்ல மெல்ல நிறுத்தினால் நாம் பறக்க மாட்டோம், துளி கூடுதல் எடையோடு நிற்போம்.

சென்னையில் நிற்கும் நாம் இந்தச் சுழற்சியால் மணிக்கு சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். உடம்புக்கு ஏன் தெரியவில்லை? வேகம் எவ்வளவு இருந்தாலும் மாறாமல் சீராக இருந்தால் உடம்புக்குத் தெரியாது, வேகம் சட்டென்று கூடினாலோ குறைந்தாலோதான் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆரியபட்டர் இதைச் சொல்லியிருக்கிறார்: ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் உள்ளவை பின்னால் போவது போலத் தெரிகிற மாதிரிதான், அசையாத நட்சத்திரங்கள் நமக்கு மேற்கே போவதாகத் தெரிகின்றன.

காணாமல் போன நான்கு நிமிடம்

பூமி ஒரு சுழற்சியை முடிக்க எடுப்பது 24 மணி நேரம் இல்லை, 23 மணி 56 நிமிடம் 4 நொடி. இதைக் கேட்டால் பலருக்குச் சங்கடமாக இருக்கும். விஷயம் எளிது. ஒரு சுழற்சி முடிவதற்குள் பூமி தன் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, அதனால் சூரியன் மறுபடி வானில் உச்சிக்கு வர இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த "கொஞ்சம்"தான் நான்கு நிமிடம். நாம் நாள் என்று எண்ணுவது சூரியனை வைத்து, அதனால் 24 மணி.

மொட்டை மாடியிலிருந்தே இதைச் சரிபார்க்கலாம். இன்று இரவு 8 மணிக்கு ஒரு நட்சத்திரம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மறைகிறது என்றால், நாளைக்கு நீங்கள் அதே இடத்தில் நின்று பார்த்தால் 7.56-க்கே மறையும். ஒரு மாதத்தில் இது இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதனால்தான் நவம்பரில் இருட்டியதும் கிழக்கே தெரியும் கார்த்திகைக் கூட்டம், ஏப்ரலில் அதே நேரத்தில் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது.

வெயிலுக்குத் தூரம் காரணம் இல்லை

அந்த ஜூலைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை. ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிடமிருந்து அதிகத் தூரத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில் சுமார் 14 கோடியே 71 லட்சம், அதுதான் மிக அருகே. கேட்கப் பெரிதாக இருந்தாலும் வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. இது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. தூரம்தான் காரணம் என்றால் நமக்கு மார்கழியில் வெயில் கொளுத்தியிருக்க வேண்டும். சூரியனுக்கு மிக அருகே இருக்கும் நாட்களில்தான் நாம் போர்வையைத் தேடுகிறோம். இந்த ஒரு கேள்வியை அந்தச் செய்தி அனுப்புகிறவரிடம் கேட்டாலே போதும்.

உண்மையான காரணம் சாய்வு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, ஆண்டு முழுக்க வானில் ஒரே திசையைக் காட்டிக்கொண்டே சுற்றுகிறது. அதனால் ஆறு மாதம் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், ஆறு மாதம் தென்பாதி. சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்போது வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளும். சாய்வாக விழும் வெயில் அதிகப் பரப்பில் பரவிப் பலம் குறைந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வடசென்னைக் கரைக்கு ஈடு இல்லை, ஏனென்றால் சூரியன் நமக்கு மறைப்பில்லாமல் கடலிலிருந்தே எழுகிறது. காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் கரையிலோ ஒரே இடத்தில் நின்று ஜூன் கடைசியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் ஒரு தடவையும் சூரியோதயத்தைப் பாருங்கள். ஜூனில் நேர்க்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி, எண்ணூர்ப் பக்கமாக ஒதுங்கி எழும். டிசம்பரில் அதே அளவு தெற்கே, துறைமுகப் பக்கம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, ஆக இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி அகலம். நேர்க்கிழக்கில் அது எழுவது மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டும்தான். விடியற்காலையில் படகு கரை சேர்க்கும் தொழிலாளிகளுக்கு இது பழகிய காட்சி.

சென்னைக்கு இன்னொன்றும் உண்டு. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டே நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். ஏப்ரலில் அந்த நாளன்று 12 மணி தாண்டி ஏழு நிமிடம் வாக்கில், நேராக நிற்கும் கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அதை ஒட்டியே அக்னி நட்சத்திரம் வருவது தற்செயல் இல்லை. செங்குத்து வெயில் நாள்கணக்கில் தரையைக் காய்ச்சி, அந்தச் சூடு மேலும் மேலும் சேர்கிறது, தென்மேற்குப் பருவமழையும் அதுவரை தொடங்கியிருக்காது.

சுருக்கமாக: நாளைத் தருவது தற்சுழற்சி, ஆண்டைத் தருவது சுற்றுப்பாதை, பருவங்களைத் தருவது அச்சின் சாய்வு.

நிலாவும் சுழல்கிறது

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது, அதனால் அது சுழல்வதே இல்லை என்று நினைக்கிறவர்கள் நிறைய. சுழலாமல் இருந்தால்தான் நமக்கு அதன் எல்லாப் பக்கமும் தெரியும்! ஒரு மேசையைச் சுற்றி, முகத்தை மேசை பக்கமே வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் அறையின் நான்கு சுவர்களையும் உங்கள் முகம் பார்த்துவிட்டிருக்கும், அதாவது நீங்களும் ஒரு முழுச் சுழற்சி போட்டுவிட்டீர்கள். நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள், தன்னைச் சுற்றிக்கொள்ளவும் அதே 27.3 நாள்.

மறுபக்கம் எப்போதும் இருட்டு என்பதும் தவறு, அங்கேயும் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கியபோது அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள். அந்தப் பகல் முடியும் வரை வேலை செய்துவிட்டு அதன் தரையிறங்கு கலமான விக்ரம் உறங்க வைக்கப்பட்டது, அடுத்த விடியலில் எழவில்லை. நிலா சுழலாவிட்டால் அந்த இரவு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

இரண்டும் ஒரே 27.3 நாளாக அமைந்ததற்குப் பின்னால் ஓதம் இருக்கிறது. ஈர்ப்பு, அருகில் உள்ள பக்கத்தைக் கொஞ்சம் பலமாகவும் தூரத்தில் உள்ள பக்கத்தைக் கொஞ்சம் குறைவாகவும் இழுப்பதால் உருண்டை லேசாக நீள்கிறது. இதுவே ஓதம். கடலில் நீர் ஏறி இறங்குவது நம் கண்ணுக்குத் தெரியும் ஓதம், பாறையிலும் அது உண்டு. பூமியின் இழுப்பால் நிலாவின் பாறை இப்படி நீண்டும் குறுகியும் உராய்ந்து, ஒரு காலத்தில் வேகமாக இருந்த அதன் தற்சுழற்சி தேய்ந்து தேய்ந்து, ஒரே முகம் நம் பக்கம் நிற்கும் நிலைக்கு வந்து பூட்டிக்கொண்டது.

அதே வேலையை நிலா இப்போது நம்மிடம் செய்துகொண்டிருக்கிறது. கடலோதத்தின் உராய்வால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைகிறது, இழந்த சுழற்சி நிலாவின் பாதைக்குப் போய்ச் சேர, நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. அப்பல்லோ வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியை அடித்துத் திருப்பி வாங்கி இதை அளக்கிறார்கள். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பவளங்களின் புதைபடிவங்களில் தினசரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணினால், அன்றைக்கு ஓர் ஆண்டில் ஏறக்குறைய 400 நாட்கள் இருந்தது தெரிகிறது. ஆண்டின் நீளம் அதேதான், நாள்தான் குட்டையாக இருந்தது. பூமி நிற்கப் போகிறது என்று உங்களுக்கு அடுத்த தடவை செய்தி வந்தால் இந்த வேகத்தைச் சொல்லிவிடுங்கள்: நூறு ஆண்டுகளில் நம் நாள் நீள்வது, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு.